நிஜ ரயிலின் நிறம் மாடலில் வர: ஸ்பிரே கேன் தேர்ந்தெடுக்கும் வழி

ஸ்பிரே கேனின் மூடியைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். மாடல் ரயிலுக்குப் பெயின்ட் அடிக்க ஆசைப்படும் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான். மூடி என்பது சாயம் கலந்த பிளாஸ்டிக். உள்ளே இருப்பது பெயின்ட். இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. மூடி ரத்தச் சிவப்பாக மின்னும். அடித்துக் காய்ந்ததும் பெட்டி செங்கல் நிறத்தில் நிற்கும்.

மாடலைக் கட்டி முடித்தோ, பழைய மாடலின் பெயின்டை உரித்துவிட்டோ, நிஜத்தில் ஓடிய ஒரு ரயிலின் நிறத்தை அதில் கொண்டுவர நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் கருவி இல்லை, கையில் ஸ்பிரே கேன் மட்டும்தான் என்று வைத்துக்கொள்கிறேன். கேனுக்குள் நிறம் கலக்க முடியாது. ஆகவே வேலையில் முக்கால்வாசி கேனைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. அடிப்பது மீதிக் கால்வாசி.

முதலில் வருஷத்தை முடிவு செய்யுங்கள்

"சிவப்பு ஜெர்மன் இன்ஜின் ஒன்று செய்கிறேன், எந்தச் சிவப்பு வாங்கட்டும்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த வருஷத்து இன்ஜின் என்று திருப்பிக் கேட்கத்தான் முடியும். 1950களில் வந்த வி 200 டீசல் இன்ஜினின் சிவப்பு, ரால் 3004 (ரால் என்பது ஒரு நிற அட்டவணை, பின்னால் சொல்கிறேன்). ஒயின் போலக் கருஞ்சிவப்பு. 1980களின் பிற்பகுதியில் வந்த 'ஓரியன்ட் சிவப்பு', ரால் 3031. கொஞ்சம் ரோஜாச் சாயல் அடிக்கும், மங்கலானது. 1990களின் பிற்பகுதியிலிருந்து எங்கும் தெரியும் போக்குவரத்துச் சிவப்பு, ரால் 3020. கண்ணைப் பறிக்கும். மூன்றும் சிவப்புதான், மூன்றும் ஜெர்மனிதான். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அடித்தால் மாடல் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் தெரிந்தவர் கண்ணில் உறுத்தும்.

பிரிட்டனிலும் இதே கதைதான். பிரிட்டிஷ் ரயில் 1965இல் தன் தோற்றத்தை மொத்தமாக மாற்றி 'ரயில் ப்ளூ' என்ற நீலத்துக்குப் போனது. அதற்கு முன் அங்கே ஓடிய டீசல் இன்ஜின்கள் பெரும்பாலும் பச்சை. ஆனால் ஒரே நாளில் எல்லா இன்ஜினுக்கும் நீலம் அடித்துவிட முடியுமா? பச்சையும் நீலமும் பல வருஷம் சேர்ந்தே ஓடின. முகப்பில் முதலில் சின்ன மஞ்சள் கட்டம் இருந்தது. பிறகு முகப்பு முழுவதுமே மஞ்சளானது. எனவே ரயில், இன்ஜின் எண், வருஷம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு தேட ஆரம்பியுங்கள்.

நிறத்தின் பெயரையும் நம்பிவிட வேண்டாம். லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் இன்ஜின் பொறியாளர் ஸ்ட்ரவுட்லி, 'மேம்படுத்தப்பட்ட இன்ஜின் பச்சை' என்று ஒரு நிறம் வைத்திருந்தார். பெயரில் பச்சை இருக்கிறதே ஒழிய, நிறம் காவி கலந்த பொன் மஞ்சள். பெயரை நம்பிப் பச்சை கேன் வாங்கினால் அவ்வளவுதான். இதேபோல 'பிரன்ஸ்விக் பச்சை' என்ற பெயரில் பிரிட்டனில் ஓடியது பார்த்த உடனே பச்சை என்று தெரியும் நிறம். அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்ரோடு இன்ஜின்களுக்கு ரசிகர்கள் அதே பெயரைச் சொல்கிறார்கள். அது நிழலில் கறுப்பு என்றே தோன்றும் அளவுக்கு இருட்டு. ஒரே பெயர், இரண்டு நிறம்.

நிற எண் கிடைக்கிறதா பாருங்கள்

பெயரைவிட எண் நம்பகமானது. ஐரோப்பிய ரயில்களுக்குப் பெரும்பாலும் ரால் எண் கிடைத்துவிடும். ஜெர்மனியில் 1927இல் வெறும் 40 நிறங்களோடு தொடங்கிய அட்டவணை இது. இன்று இருநூறைத் தாண்டிவிட்டது. நான்கு இலக்கம். முதல் இலக்கமே குடும்பத்தைச் சொல்லிவிடும்: 1 என்றால் மஞ்சள், 2 ஆரஞ்சு, 3 சிவப்பு, 4 ஊதா, 5 நீலம், 6 பச்சை, 7 சாம்பல், 8 பழுப்பு, 9 வெள்ளையும் கறுப்பும். பிரிட்டனுக்கு பி.எஸ். 381சி (BS 381C) என்ற அட்டவணை. ரயில் ப்ளூ அதில் 114ஆம் எண். ஜப்பானின் பழைய தேசிய ரயில்வே தனக்கென்றே எண் வைத்திருந்தது. 1964இல் ஓடத் தொடங்கிய முதல் ஷின்கன்சென் ரயிலின் நீலம் அவர்கள் கணக்கில் 'நீலம் 20'. டோக்கியோவின் யமனோடே பாதைக்கு 'மஞ்சள்பச்சை 6'. அந்த ஊர் மாடல் பெயின்ட் தயாரிப்பாளர்கள் இந்த எண்ணின் பெயரிலேயே பெயின்ட் விற்கிறார்கள் என்பதால் ஜப்பானிய ரயில் செய்பவர்களுக்குப் பாதித் தலைவலி இல்லை.

எண் கிடைத்துவிட்டால் அடுத்து அதற்கான அட்டை. ரால் விசிறி அட்டை ஒன்றை எப்படியாவது கையில் வாங்கிவிடுங்கள். சொந்தமாக வேண்டியதில்லை, பெயின்ட் விற்கும் இடத்தில் கேட்டால் காட்டுவார்கள். கைபேசித் திரையிலோ கணினியிலோ ரால் 3020 என்று தேடி, திரையில் தெரியும் சிவப்போடு பெயின்டை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. என் இரண்டு திரைகளில் அதே சிவப்பு இரண்டு விதமாகத் தெரிகிறது. திரை ஒளியை உமிழ்கிறது, பெயின்ட் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கண்ணால் ஒப்பிட முடியாது.

எண் கிடைக்காவிட்டால் போட்டோதான் துணை

பல ரயில்களுக்கு எண் கிடைக்காது. அப்போது படங்களை வைத்துத்தான் நிறத்தைப் பிடிக்க வேண்டும். இதில் நிதானம் தேவை.

ஒரே ஒரு படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு நாளில் எடுத்த நான்கைந்து படங்களைச் சேருங்கள். மேகமூட்டமான பகலில் எடுத்தவை சிறந்தவை. மாலை வெயிலில் எடுத்த படம் அழகாக இருக்கும், நிறத்துக்கு உதவாது. எல்லாவற்றிலும் பொன் பூசியிருக்கும். பிளாட்பார விளக்கில் இரவில் எடுத்த படங்களை ஒதுக்கியே விடலாம். ஒவ்வொரு படத்திலும் வெள்ளை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைத் தேடுங்கள்: இன்ஜின் எண் எழுத்து, சிக்னல் பலகை, யாரோ ஒருவரின் சட்டை. அந்த வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் ரயிலின் நிறத்திலும் அதே மஞ்சள் ஏறியிருக்கிறது என்று மனதில் கழித்துக்கொள்ளுங்கள்.

பழைய கலர் பிரிண்ட்கள் வருஷம் போகப்போகச் சிவப்பேறிவிடும். கறுப்பு வெள்ளைப் படங்களில் வேறொரு பொறி இருக்கிறது. அந்தக் காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. அதில் சிவப்பு இன்ஜின் கறுப்பாக விழும். நீலம் வெளிறிப்போய்ச் சாம்பலாகத் தெரியும். "படத்தில் கறுப்பாக இருக்கிறதே" என்று கறுப்பு அடித்துவிடக் கூடாது.

அருங்காட்சியகத்தில் நிற்கும் இன்ஜினை நேரில் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பார்ப்பது நல்லதுதான், ஆனால் அதுவும் முழுச் சாட்சி கிடையாது. பாதுகாக்கப்பட்ட இன்ஜின்களுக்குப் பலமுறை மறுபூச்சு நடந்திருக்கும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அன்று கிடைத்த பெயின்டில் தன் கணிப்பைச் சேர்த்திருப்பார். ஓட்டத்தில் இருக்கும் ரயிலோ வெயிலில் வெளுத்திருக்கும். நீங்கள் செய்யப்போவது பணிமனையிலிருந்து அன்று காலை வெளிவந்த ரயிலா, ஐந்து வருஷம் ஓடிய ரயிலா என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த வகைக் கேன்?

தேவையான நிறம் தெரிந்துவிட்டது. சரி, அந்த நிறத்தை எந்தக் கேனில் தேடுவது?

ரயில் மாடலுக்கென்றே வரும் கேன்கள் கிடைத்தால் அவைதான் முதல் தேர்வு. நிறம் ஏற்கெனவே ரயிலுக்காகப் பொருத்தப்பட்டது. பெயின்டும் மெல்லிசாக விழும், ரிவெட் தலைகள் மூழ்காது. அடுத்து டாமியா போன்ற பொது மாடல் கேன்கள். தரத்தில் குறை சொல்ல முடியாது, ஆனால் நிறங்கள் விமானம், கார், டாங்கிக்காக வந்தவை. ரயில் நிறத்துக்கு நெருங்கிய ஒன்றைத் தேட வேண்டியிருக்கும். டாமியாவிலேயே டி.எஸ். (TS) என்று தொடங்கும் வரிசைதான் சாதாரண மாடல் பிளாஸ்டிக்குக்கு. பி.எஸ். (PS) வரிசை ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கானது. எழுத்து ஒன்றுதான் மாறுகிறது, எடுத்துவிட்டு வருந்தாதீர்கள்.

மூன்றாவது, ஹார்டுவேர் கடைகளில் ரால் எண் போட்டு வரும் கேன்கள். நிறம் சரியாக இருக்கும். ஆனால் அவை இரும்புக் கதவுக்கும் கம்பி வேலிக்கும் அடிக்கத் தயாரானவை. தடிமனாக விழும், பளபளப்பு அதிகம், சிலவற்றில் இருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். கார் டச்-அப் கேன்களும் அப்படித்தான். நிறம் வேறெங்கும் கிடைக்காதபோது இவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் முதலில் அதே பிளாஸ்டிக்கின் வீணான துண்டில் அடித்துப் பாருங்கள். கிட் பாகங்கள் ஒட்டியிருந்த அந்தச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது, தூக்கிப்போடாதீர்கள். நிறத்துக்கு முன் அடிக்கும் பூச்சான பிரைமர் நல்லதாக ஒன்று இடையில் இருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

கரைப்பான் பேச்சு வந்ததால் ஒரு விதி. லாக்கர் (கடுமையான கரைப்பான் கொண்ட, வேகமாகக் காயும் பெயின்ட்) காய்ந்த பிறகு அதன்மேல் எனாமல் (மெதுவாகக் காயும் எண்ணெய் வகைப் பெயின்ட்) அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் அடிப்பூச்சு சுருங்கி, காய்ந்த திராட்சைத் தோல் போல ஆகிவிடும். புதியவர்கள் பிரைமரிலிருந்து கடைசி வார்னிஷ் வரை ஒரே தயாரிப்பாளரின் ஒரே வரிசையில் இருந்துவிடுவது நிம்மதி.

ஸ்பூன் சோதனை

நெருங்கி வரும் கேன்கள் இரண்டோ மூன்றோ தேறும். அவற்றில் எது என்பதைப் பிளாஸ்டிக் ஸ்பூன் முடிவு செய்யட்டும்.

ஏன் ஸ்பூன்? அதற்கு வளைவு இருக்கிறது. பெட்டியின் கூரை வளைவிலும் இன்ஜின் மூக்கிலும் ஒளி எப்படி விழுமோ, ஸ்பூனின் முதுகிலும் அப்படியே விழும். தட்டையான அட்டையில் சரியாகத் தெரிந்த நிறம் வளைவில் வேறாகத் தெரிவதுண்டு. ஸ்பூனின் முதுகை நைஸ் எமரி தாளால் லேசாகத் தேயுங்கள். மாடலுக்கு எந்தப் பிரைமர் அடிக்கப்போகிறீர்களோ அதையே அடியுங்கள். காய்ந்ததும் நிறம். மாடலுக்கு மூன்று மெல்லிய கோட் (பூச்சு) என்றால் ஸ்பூனுக்கும் மூன்று. ஒரே கோட்டில் ஸ்பூனை மூடிவிட்டு "சரியாக வந்துவிட்டது" என்று எண்ணினால், மாடலில் மூன்றாவது கோட்டுக்கு நிறம் வேறு இடத்துக்குப் போயிருக்கும். கைப்பிடியில் மார்க்கரால் கேனின் பெயர், எண், பிரைமர், எத்தனை கோட் என்று எழுதுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். ஈரத்தில் இருக்கும் நிறம் வேறு, காய்ந்த நிறம் வேறு.

மறுநாள் அட்டையையோ படங்களையோ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்ப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் கருமையும் வெளிர்வும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்; சாயல் அப்புறம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் சாயல் மறைந்து கருமை மட்டும் தெரியும். இன்னும் எளிதாக, ரால் அட்டையையும் ஸ்பூன்களையும் ஒன்றாக வைத்துக் கைபேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அட்டையோடு கலந்து காணாமல் போகும் ஸ்பூன் எதுவோ அது கருமையில் சரி. தனித்துத் தெரிவது தவறு. சாயல் கொஞ்சம் விலகினால் பார்ப்பவர் மன்னித்துவிடுவார். கருமை விலகினால் ரயிலே வேறு ரயிலாகத் தெரியும். என் அனுபவத்தில் புதியவர்களுக்கு ஏறக்குறைய எப்போதும் கருமைதான் சறுக்குகிறது, அதுவும் இருட்டுப் பக்கமாக.

எந்த விளக்கில் பார்ப்பது?

ஜெர்மனியின் 1970களின் பயணிகள் பெட்டி ஒன்றுக்காகக் கடல் நீலம் தேடிக்கொண்டிருந்தேன். ரால் 5020. நீலம் என்று பெயர், உள்ளுக்குள் பச்சை ஒளிந்திருக்கும் நிறம். இரவில் மேஜை விளக்கடியில் அட்டையையும் நான்கு ஸ்பூன்களையும் பரப்பி உட்கார்ந்தேன். மூன்றாவது ஸ்பூன் அட்டையோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. எது அட்டை, எது ஸ்பூன் என்று சொல்ல முடியாத பொருத்தம். அந்த மகிழ்ச்சியில் இரவோடு இரவாக ஒரு பெட்டி முழுக்க அடித்தும் முடித்தேன். காலையில் ஜன்னல் பக்கம் கொண்டுபோனால், அட்டை மயில் கழுத்துப் பக்கம் சாய்கிறது, என் பெட்டி கத்தரிப்பூப் பக்கம் சாய்கிறது. நடுவில் ஒரு ஊரே இருக்கிறது.

பெயின்ட் மாறவில்லை, விளக்குதான் மாறியது. இரண்டு பெயின்ட்கள் வெவ்வேறு நிறமிகளால் ஒரே நிறத்தைத் தரும்போது, ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரியலாம். மெட்டாமெரிசம் என்று இதற்குப் பெயர். நீலம், பச்சை, சாம்பல் மூன்றிலும் இது அதிகம் படுத்தும்.

ஆகவே ஸ்பூனை இரண்டு இடத்தில் பாருங்கள். ஒன்று, நேர் வெயில் படாத ஜன்னலோரம், பகலில். இரண்டாவது, உங்கள் ரயில் தடம் இருக்கும் இடத்தின் விளக்கடியில். இரண்டிலும் பொருந்தினால் கொண்டாட்டம். ஒன்றில்தான் பொருந்துகிறது என்றால் நான் ரயில் தடத்தின் விளக்குக்கே ஓட்டுப் போடுவேன். ரயில் அங்கேதான் வாழப்போகிறது. விளக்கு புதிதாக மாட்டுவதாக இருந்தால் நிறம் காட்டும் தரம், அதாவது சி.ஆர்.ஐ. எண், 90க்கு மேல் உள்ள எல்.இ.டி. வாங்குங்கள். பகல் வெளிச்சத்தை ஒத்திருக்க வேண்டுமென்றால் 5000இலிருந்து 6500 கெல்வின் வரை.

அசல் நிறத்தையே அடித்தால் ஏன் இருட்டாகத் தெரிகிறது?

அசல் ரயிலுக்கு அடித்த அதே பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்து எச்.ஓ. மாடலுக்கு அடித்தாலும் மாடல் இருட்டாகத்தான் தெரியும். காரணங்கள் சில உண்டு. எச்.ஓ. என்பது 87இல் ஒரு பங்கு. அறுபது சென்டிமீட்டர் தள்ளி நின்று பார்த்தால், நிஜ ரயிலை ஐம்பது மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். தூரத்துப் பொருளின் நிறம் காற்றில் கொஞ்சம் வெளிறும். ஐம்பது மீட்டரில் அது பெரிதாக இல்லை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. பெரிய காரணம் வெளிச்சம் என்பது என் கட்சி. நிஜ ரயில் திறந்த வானத்தின் கீழ் நிற்கிறது. உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம். நம் அறையில் சில நூறு லக்ஸ். அத்தனை குறைந்த ஒளியில், கையகலப் பரப்பில், கருநீலம் கறுப்பாகவே விழும்.

அதனால் இருட்டு நிறங்களுக்கு மட்டும் ஒரு படி வெளிறிய கேனை எடுங்கள். கருஞ்சிவப்பு, கரும்பச்சை, கருநீலம், கறுப்பு இவற்றுக்கு இது கட்டாயம். 160இல் ஒரு பங்கான 'என்' (N) அளவு மாடலுக்கு ஒன்றரைப் படி என்றே சொல்வேன். மஞ்சள், கிரீம் போன்றவற்றை அப்படியே விட்டுவிடலாம்; இரண்டு நிறம் சேர்ந்து வரும் ரயிலுக்கு மட்டும் வேறு கணக்கு, பின்னால் சொல்கிறேன். சுத்தக் கறுப்பையும் சுத்த வெள்ளையையும் நான் எந்த மாடலிலும் அடிப்பதில்லை. ஜெர்மன் நீராவி இன்ஜினின் உடம்பு நிஜத்தில் ரால் 9005 கறுப்பு. மாடலில் அதை அடித்தால் இன்ஜின் ஒரு ஓட்டை போலத் தெரியும். குழாய்களும் ரிவெட்களும் தொலைந்துபோகும். ரால் 7021 போன்ற கரும் சாம்பல் அடித்தால் எல்லாம் தெரியும், பார்ப்பவரும் அதைக் கறுப்பு என்றே எடுத்துக்கொள்வார். வெள்ளைக்கும் இதையே திருப்பிப் போடுங்கள்: லேசாகச் சாம்பலோ கிரீமோ கலந்த வெள்ளை.

வெளிறிய கேன் கிடைக்கவில்லை என்றால்? கடைசியில் அடிக்கும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷே நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கவைக்கும், பல சமயம் அதுவே போதும். அதுவும் போதாதென்றால் கேனிலிருக்கும் பெயின்டை ஸ்ட்ரா வழியாக ஒரு ஜாடியில் அடித்து இறக்கி, வாயு முழுக்க வெளியேறும்வரை சில மணி நேரம் திறந்தே வைத்து, நிறம் கலந்து, ஏர்பிரஷில் அடிக்கலாம். உடனே மூடினால் ஜாடி பொங்கிவிடும். கலக்கும்போது சிவப்பில் வெள்ளையை ஊற்றாதீர்கள், ரோஸ் ஆகிவிடும். ஒரு துளி ஆரஞ்சோ கிரீமோ போதும். பச்சைக்கு மஞ்சள் கலந்த வெளிர் நிறம். நீலத்துக்கு வெளிர் சாம்பல்.

பிரைமரும் நிறத்தில் ஒரு பாதி

ஒரே சிவப்புக் கேன். சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் மந்தமாக இருக்கும், வெள்ளைப் பிரைமர் மேல் பளிச்சென்று இருக்கும், செங்காவிப் பிரைமர் மேல் ஆழமாக இருக்கும். மஞ்சளும் சிவப்பும் ஆரஞ்சும் பெரும்பாலும் அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் நிறங்கள். மஞ்சளுக்கு வெள்ளை தவிர வேறு பிரைமர் வேண்டாம். சாம்பல் மேல் மஞ்சள் அடித்தால் பச்சை பூசிய மாதிரி ஆகும், அதை மூட ஏழெட்டு கோட் அடித்து ஜன்னல் விளிம்பையெல்லாம் நிரப்பிவிடுவீர்கள். சாம்பல் பிளாஸ்டிக்கில் ஒரு பெட்டி, கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு பெட்டி என்று ரேக்கில், அதாவது ஒரே ரயிலாகக் கோக்கும் பெட்டிகளில், கலந்திருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பிரைமர் அடித்துச் சமமாக்கிய பிறகுதான் நிறம்.

இரண்டு நிறம் உள்ள ரயில்கள்

இங்கேதான் எண்ணை மட்டும் நம்பி வேலை செய்பவர்கள் தடுமாறுகிறார்கள். டி.இ.இ. (டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்) விரைவு ரயிலின் பெட்டியில் மேலே பீஜ், ரால் 1001. கீழே கருஞ்சிவப்பு, ரால் 3004. கருஞ்சிவப்பை ஒரு படி வெளுக்க வைத்துவிட்டு பீஜை அப்படியே விட்டால் இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கிவிடும். பெட்டியைப் பார்ப்பவர் கண் முதலில் பிடிப்பது அந்த இடைவெளியைத்தான். இந்திய ரயில்வேயின் கருநீலப் பெட்டியில் ஜன்னல் ஓரமாக ஓடும் வெளிர்நீலப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நீலமும் தனித்தனியாகக் கொஞ்சம் பிசகினாலும், ஒன்றுக்கொன்று எவ்வளவு வெளிர் என்பது சரியாக இருந்தால் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும். ஆகவே இரண்டு நிறத்தையும் ஒரே ஸ்பூனில், நடுவில் டேப் ஒட்டி, அடித்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு ஸ்பூன்கள் இதற்கு ஈடாகாது. நிறம் நிறத்தைத் தொடும்போதுதான் உண்மை தெரியும்.

வெளிர் நிறம் முதலில், இருட்டு நிறம் பிறகு. மாஸ்கிங் டேப் ஒட்டியதும் அதன் விளிம்பில் முதலில் போட்ட வெளிர் நிறத்தையே ஒரு மெல்லிய கோட் விடுங்கள். கசிந்தால் அதுவே கசியும், கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் இருட்டு நிறம் அடித்தால் கோடு கத்தி போல வரும்.

அடிக்கும்போது நிறம் கெடும் இடங்கள்

அடிக்கும் முறை ஒரு தனிக் கலை. நிறத்தைத் தொடும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன். கேனுக்குள் குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் இரண்டு நிமிஷம் குலுக்குங்கள். நிறமி அடியில் தங்கியிருந்தால் முதல் பெட்டிக்கும் கடைசிப் பெட்டிக்கும் நிறம் மாறும். குளிர்ந்த கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் நிறுத்தலாம். சுடுதண்ணீர், அடுப்பு, ஹீட்டர் பக்கமே போகக் கூடாது. இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் தூரம் வையுங்கள். அதிகம் தள்ளி நின்றால் பெயின்ட் வழியிலேயே காய்ந்து மணல் போல விழும், நிறமும் வெளிறித் தெரியும். மழைநாளில் லாக்கர் அடித்தால் ஈரம் சிக்கி வெண்மையாகப் பூத்துவிடும். காற்றோட்டமான இடத்தில், கரிம ஆவியை வடிகட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டு அடியுங்கள். துணி மாஸ்க் இதற்கு உதவாது.

கடைசிப் பளபளப்பு

நிறம் காய்ந்ததும் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ். பளபளப்பான பரப்பில்தான் டெகால், அதாவது எழுத்தும் சின்னமும் அச்சிட்ட ஒட்டுப்படம், ஒழுங்காக உட்காரும். மேட் பரப்பில் ஒட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளி பூத்தது போலக் காற்று தங்கிவிடும். டெகால் காய்ந்த பிறகு சாட்டினோ (பாதிப் பளபளப்பு) மேட்டோ. அசல் ரயில் பணிமனையிலிருந்து பளபளவென்று வந்தாலும் மாடலுக்கு முழுக் கிளாஸ் கூடாது, பொம்மை ஆகிவிடும். புது ரயிலுக்குச் சாட்டின், ஓடித் தேய்ந்த ரயிலுக்கு மேட். வார்னிஷ் நிறத்தை மாற்றும் என்பதால் ஸ்பூனிலும் அதே வார்னிஷை அடித்துப் பார்த்த பிறகுதான் முடிவு சொல்ல வேண்டும். மேட் கொஞ்சம் வெளுக்கும், கிளாஸ் கொஞ்சம் ஆழமாக்கும்.

எத்தனை கேன் வாங்குவது என்பதை ஸ்பூன் சோதனை முடிந்த அன்றே கணக்குப் போடுங்கள். நூறு மில்லி கேன் ஒன்று எத்தனை பெட்டிக்கு வரும் என்பது உங்கள் கையைப் பொறுத்தது. முதல் பெட்டியை அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ரேக் முழுவதற்கும் வேண்டிய கேன்களை ஒரே பேட்ச் எண்ணில் வாங்கிவிடுங்கள். நான் ஐந்து பெட்டிகளுக்கு இரண்டு கேன் போதும் என்று வாங்கி, ஐந்தாவது பெட்டியின் பாதியில் தீர்ந்து, அடுத்த மாதம் அதே பெயர், அதே எண் போட்ட கேனை வாங்கினேன். தனியாகப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. கோத்து நிறுத்தினால் கடைசிப் பெட்டி மட்டும் வேறு பணிமனையிலிருந்து வந்த மாதிரி நின்றது. நிஜ ரயிலிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கத்தான் செய்கிறது என்று இப்போது அதைக் கடைசியிலேயே ஓட்டுகிறேன். எழுதிவைத்த ஸ்பூன்களை வெயில் படாத ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து இன்னொரு பெட்டி சேர்க்கத் தோன்றும்போது அந்தக் கைப்பிடியில் எழுதியிருப்பதைத்தான் முதலில் தேடுவீர்கள்.